பச்சோந்தி என்ன சொல்கிறது?

“அந்த ஆளை நம்பாதே. அவன் ஒரு பச்சோந்தி!”

தமிழ்ப் படங்களில் இப்படி ஒரு வசனம் கேட்டிருக்கீங்களா? வீட்டில் பெரியவர்கள் செய்தி பார்க்கும்போதும் இந்தச் சொல் காதில் விழுந்திருக்கும். நேற்று ஒரு கட்சியில் இருந்தவர் இன்று வேறு கட்சிக்குப் போனால், உடனே அவருக்குப் ‘பச்சோந்தி’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். இடத்துக்குத் தகுந்த மாதிரி நிறத்தை மாற்றிக்கொண்டு, தன் உண்மையான குணத்தை மறைக்கிறவர் என்று அர்த்தம்.

பாவம் பச்சோந்தி! மரத்தில் தன்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பிராணிக்கு எவ்வளவு கெட்ட பெயர் பாருங்க.

அது உண்மையிலேயே எதையாவது மறைக்கிறதா? விஞ்ஞானிகள் பல வருடங்களாகப் பச்சோந்திகளைக் கவனித்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வது வேறு கதை. பச்சோந்திக்குக் கோபம் வந்தால் தோலில் தெரியும். பயந்தால் தெரியும். குளிர் எடுத்தால் தெரியும். வயிற்றில் முட்டை இருந்தால் அதுவும் தெரியும். நமக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்கும், அவ்வளவுதான். பச்சோந்திக்கு உடம்பு முழுவதுமே முகம் மாதிரி!

வாங்க, இந்தப் பிராணியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

பச்சோந்தியா, ஓணானா?

முதலில் பெயர். பச்சை + ஓந்தி = பச்சோந்தி. ஓந்தி என்பது ஓணானுக்கு இன்னொரு பெயர். அப்படியென்றால் ‘பச்சை ஓணான்’ என்றுதான் நம் முன்னோர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பச்சோந்தி வேறு, ஓணான் வேறு. இரண்டும் பல்லிக்குச் சொந்தக்காரர்கள்தான். இரண்டும் ஊர்வன என்ற கூட்டத்தைச் சேர்ந்தவை. ஊரில் பலர் ஓணானைக் காட்டியே “அதோ பச்சோந்தி!” என்பார்கள். அதற்குக் காரணம் இருக்கு. ஓணானும் கொஞ்சம் நிறம் மாறும். முட்டையிடும் காலம் வந்தால் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவந்துவிடும்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பார்த்ததும் சரசரவென்று வேலியில் ஏறி ஓடினால் அது ஓணான். (“வேலிக்கு ஓணான் சாட்சி” என்று ஒரு பழமொழியே உண்டு. எப்போது பார்த்தாலும் வேலியிலேயே இருக்கிறது அல்லவா? தன் கூட்டாளியையே சாட்சிக்குக் கூப்பிடுகிறவரைப் பற்றிச் சொல்வது அது.) ஓணானின் வால் நீளமாக, நேராக இருக்கும். பச்சோந்தி ஓடாது. அதன் வால் கொசுவத்திச் சுருள் மாதிரி சுருண்டுகொள்ளும். கிளையைப் பிடித்துக்கொள்ள அதுதான் ஐந்தாவது கை. விரல்களைப் பாருங்கள். ஒரு பக்கம் இரண்டு, மறு பக்கம் மூன்று என்று சேர்ந்து, இடுக்கி போலக் கிளையைக் கவ்வும்.

நடை இன்னும் வேடிக்கை. ஒரு காலைத் தூக்கும், முன்னும் பின்னும் ஆடும், யோசிக்கும், பிறகுதான் காலை வைக்கும். காற்றில் ஆடுகிற இலை மாதிரியே இருக்கும். இலைதானே என்று பறவைகள் விட்டுவிடும்.

உலகத்தில் 200-க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் இருக்கின்றன. அவற்றில் கிட்டத்தட்டப் பாதி, ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் உள்ள மடகாஸ்கர் என்ற ஒரே தீவில் வாழ்கின்றன. மற்றவை ஆப்பிரிக்கா, அரேபியா, தெற்கு ஐரோப்பா என்று பரவியிருக்கின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே ஓர் இனம்தான் உண்டு. அதன் அறிவியல் பெயரில் ‘சைலானிகஸ்’ என்ற சொல் வருகிறது. சிலோன், அதாவது இலங்கை, என்பதிலிருந்து வந்த பெயர் அது. பெயர்தான் இலங்கைப் பெயர். தமிழ்நாட்டின் வறண்ட காடுகளிலும் தோப்புகளிலும் இதே பச்சோந்திதான்.

கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பச்சோந்தி இயற்கையாக வாழ்வதில்லை. அங்கே படிக்கிறவர்கள் விலங்குக்காட்சிச் சாலையில் பார்க்கலாம். ஹவாய்த் தீவுகளில் ஒரு விசித்திரம். 1972-இல் வளர்ப்பதற்காகக் கொண்டுவந்த சில ஆப்பிரிக்கப் பச்சோந்திகள் வெளியே போய்ப் பெருகி, இப்போது அங்கே காட்டில் வாழ்கின்றன. அங்குள்ள பூச்சிகளுக்கும் நத்தைகளுக்கும் அது பெரிய தொல்லை.

அளவிலும் எவ்வளவு வித்தியாசம்! மடகாஸ்கரில் உள்ள பெரிய பச்சோந்திகள் வாலோடு சேர்த்து 65 செ.மீ.க்கு மேல் வளரும். அதே தீவில் 2021-இல் விஞ்ஞானிகள் ஒரு புதிய இனத்துக்குப் பெயர் வைத்தார்கள்: புரூக்கேசியா நானா. அதன் ஆண், மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 22 மில்லிமீட்டர்தான். உங்கள் அளவுகோலை எடுத்து 22 மில்லிமீட்டரை அளந்து பாருங்க. உங்கள் விரல் நுனியில் அது வசதியாக உட்காரும்.

கோபுரக் கண்கள்

பச்சோந்தியின் கண் வெளியே துருத்திக்கொண்டு ஒரு சின்னக் கோபுரம் போல இருக்கும். மேல் இமையும் கீழ் இமையும் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. நடுவில் ஒரு சிறிய ஓட்டை மட்டும் இருக்கும். அந்த ஓட்டை வழியாகத்தான் அது உலகத்தைப் பார்க்கிறது.

அந்தக் கோபுரம் எல்லாப் பக்கமும் சுழலும். பக்கவாட்டில் 180 பாகை, மேலும் கீழுமாகச் சுமார் 90 பாகை. வலது கண் மேலே பருந்து வருகிறதா என்று பார்க்கும். அதே நேரத்தில் இடது கண் பின்னால் திரும்பி வண்டு தேடும். நாம் அப்படிச் செய்ய முயன்றால் தலைவலிதான் மிஞ்சும்!

இரண்டு கண்ணும் தனித்தனியாக வேலை செய்தால், ஒரு கண் பார்ப்பது மற்றக் கண்ணுக்குத் தெரியுமா? இஸ்ரேலில் உள்ள ஹைஃபா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எப்படித் தெரியுமா? பச்சோந்தியைக் கணினித் திரைக்கு முன்னால் உட்கார வைத்து! திரையில் ஒரு பூச்சி வந்தது. திடீரென்று அது இரண்டாகப் பிரிந்து, ஒன்று இடது பக்கமும் மற்றது வலது பக்கமும் போனது. பச்சோந்தி ஒவ்வொரு கண்ணாலும் ஒவ்வொரு பூச்சியைத் துரத்தியது. பிறகு “இதைத்தான் சுடப்போகிறேன்” என்று ஒரு பூச்சியைத் தேர்ந்தெடுத்தது. உடனே மற்றக் கண்ணும் திரும்பி வந்து அதே பூச்சியைப் பார்த்தது. அப்படியென்றால் இரண்டு கண்களும் உள்ளுக்குள் பேசிக்கொள்கின்றன. 2015-இல் இந்த முடிவை வெளியிட்டார்கள். கணினி விளையாட்டு விளையாடக்கூடாது என்று நான் வீட்டில் சொல்லும்போதெல்லாம் என் பிள்ளைகள் இந்தப் பச்சோந்தியைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

இப்போது ஒரு சின்னச் சோதனை. ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் விரலைக் கண்ணுக்குப் பக்கத்தில் நீட்டி, அதையே உற்றுப் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவர் மங்கலாகத் தெரிகிறதா? இப்போது சுவரைப் பாருங்கள். விரல் மங்கிவிடும். பக்கத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்க உங்கள் கண் கொஞ்சம் அதிகமாக வேலை செய்ய வேண்டும். அந்த வேலையை உங்களால் உணரக்கூட முடியும்.

பச்சோந்தி தூரத்தை அளப்பது இந்த வேலையை வைத்துத்தான். பூச்சியைத் தெளிவாகப் பார்க்கக் கண் எவ்வளவு வேலை செய்தது என்பதிலிருந்து, பூச்சி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். ஹார்க்னஸ் என்ற ஆய்வாளர் 1977-இல் இதை நிரூபித்தார். அவர் பச்சோந்திகளின் கண்ணுக்கு முன்னால் மூக்குக்கண்ணாடி வில்லைகளை வைத்தார். கண்ணாடி போட்ட பச்சோந்தி! நினைத்தாலே சிரிப்பு வருகிறது. வில்லை வைத்ததும் பச்சோந்தியின் கணக்கு தப்பிப்போனது. நாக்கு பூச்சியைத் தொடவில்லை.

அதன் கண்ணுக்குள்ளே இன்னொரு அதிசயமும் இருக்கு. நம் கண்ணில் உள்ள லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி ஒளியைக் குவிக்கிறது. பச்சோந்தியின் லென்ஸ் ஒளியை விரிக்கிறது. ஒளியைக் குவிக்கும் வேலையைக் கண்ணின் முன்பக்கத் தோலே பார்த்துக்கொள்கிறது. இரண்டும் சேரும்போது, தூரத்தில் உள்ளதைப் பெரிதாக எடுக்கும் கேமரா போல ஆகிவிடுகிறது. சின்னத் தலைக்குள் ஒரு தொலைநோக்கி!

நாக்கு ஓர் உண்டிவில்

இவ்வளவு கஷ்டப்பட்டுத் தூரத்தை அளப்பது எதற்கு? மெதுவாக நடக்கும் பிராணி வேகமாகப் பறக்கும் பூச்சியைப் பிடிக்க வேண்டுமே! கால் போகாத இடத்துக்கு நாக்கு போகும்.

உண்டிவில் பார்த்திருக்கீங்களா? ரப்பரை இழுத்துப் பிடித்து விட்டால் கல் பாயும். பச்சோந்தியின் வாய்க்குள் ஒரு மெல்லிய எலும்பு நீட்டிக்கொண்டிருக்கும். நாக்கு அந்த எலும்பின்மேல் சுருங்கிச் செருகப்பட்டிருக்கும். நாக்கின் தசை இறுகும்போது, உள்ளே இருக்கும் மீள்தன்மை கொண்ட உறைகள் ரப்பர் போல இழுபடும். விட்டவுடன் சடக்கென்று நாக்கு பாயும். நீங்கள் ஒரு தடவை கண் சிமிட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதில் பெரியவர்களைவிடச் சின்னவர்களே கெட்டிக்காரர்கள். அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வாளர் பல இனப் பச்சோந்திகளைப் படம்பிடித்து அளந்து, 2016-இல் வெளியிட்டார். வெற்றி பெற்றது மிகச் சிறிய ஓர் ஆப்பிரிக்க இனம். அதன் நாக்கு உடம்பைப்போல இரண்டரை மடங்கு நீளத்துக்குப் பாய்ந்தது. கீழே விழும் ஒரு பந்து எவ்வளவு சீக்கிரம் வேகம் எடுக்கும்? அந்த நாக்கு அதைவிட 264 மடங்கு சீக்கிரமாக வேகம் எடுத்தது!

பூச்சியைத் தொட்டால் போதுமா? ஒட்ட வேண்டும். பச்சோந்தியின் நாக்கு நுனியில் உள்ள எச்சில், மனித எச்சிலைவிடச் சுமார் 400 மடங்கு பிசுபிசுப்பானது. ஒட்டிய பூச்சி வாய்க்குள் போகும் வரை விடாது.

நிறம் எப்படி மாறுகிறது?

இப்போது நீங்கள் காத்திருந்த விஷயத்துக்கு வருவோம்.

பல காலமாக எல்லோரும் நினைத்தது இதுதான்: பச்சோந்தியின் தோலில் பல வண்ணச் சாயங்கள் இருக்கின்றன, அவை பரவியும் சுருங்கியும் நிறம் மாறுகிறது. இதில் ஒரு பாதி சரி. தோலில் மஞ்சள், சிவப்புச் சாயங்கள் உண்டு. கறுப்புச் சாயமும் உண்டு. கறுப்பு தோல் முழுக்கப் பரவினால் பச்சோந்தி கருத்துவிடும். ஆனால் நீலச் சாயம் கிடையாது! பச்சைச் சாயமும் கிடையாது! அப்புறம் எப்படிப் பச்சை வந்தது?

சோப்புக் குமிழியை நினைத்துப் பாருங்கள். சோப்புத் தண்ணீருக்கு நிறமே இல்லை. ஊதினால் குமிழியில் நீலம், பச்சை, ஊதா என்று எல்லாம் தெரிகிறது. அது சாயம் இல்லை, ஒளியின் விளையாட்டு. மயில் இறகின் நீலமும் அப்படித்தான்.

2015-இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா பல்கலைக்கழகத்தில், மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்தார்கள். அதன் தோலில் உள்ள சில செல்களுக்குள் ஆயிரக்கணக்கான மிக மிகச் சிறிய படிகங்கள் இருந்தன. படிகம் என்றால், கற்கண்டு போல ஒழுங்கான வடிவத்தில் உறைந்த பொருள். இந்தப் படிகங்கள் குவானின் என்ற பொருளால் ஆனவை. அவை வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வரிசைகள் நெருக்கமாக இருந்தால் நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். விலகினால் பச்சை, இன்னும் விலகினால் மஞ்சள், சிவப்பு.

பச்சோந்தி நிம்மதியாக இருக்கும்போது படிகங்கள் நெருக்கமாக இருக்கும். கீழே இருந்து நீல ஒளி வருகிறது. மேலே மஞ்சள் சாயம் இருக்கிறது. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால்? ஓவிய வகுப்பில் படித்திருப்பீர்களே. பச்சை! அதுதான் பச்சோந்தியின் பச்சை. எதிரி ஒருவனைப் பார்த்ததும் செல்கள் மாறுகின்றன, படிகங்கள் விலகுகின்றன. சில நிமிடங்களில் பச்சை உடம்பு மஞ்சளாகிவிடும். சிவப்புப் பட்டைகள் பளிச்சென்று எரியும்.

நான் கணினி நிரல் எழுதும் வேலை பார்க்கிறேன். திரையில் ஒரு புள்ளியின் நிறத்தை மாற்ற மூன்று எண்கள் கொடுப்போம்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. பச்சோந்தியின் அந்தச் செல்லுக்கு ஒரே ஓர் எண் போதும். படிகங்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி? அவ்வளவுதான். எனக்குப் பொறாமையாகவே இருக்கு.

இது உண்மைதானா என்று அந்த விஞ்ஞானிகள் இன்னொரு விதமாகவும் சோதித்தார்கள். தோலின் ஒரு சிறு துண்டை உப்புக் கரைசலில் வைத்தார்கள். உப்பு, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். ஊறுகாயில் மாங்காய் சுருங்குகிறதே, அதே மாதிரி செல்கள் சுருங்கின. படிகங்கள் நெருங்கின. தோலின் நிறம் நீலத்தை நோக்கி நகர்ந்தது!

ஏன் மாறுகிறது?

சிவப்புத் துணியில் வைத்தால் சிவப்பாகும், சதுரங்கப் பலகையில் வைத்தால் கட்டம் கட்டமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. கார்ட்டூனில் மட்டும்தான் அப்படி நடக்கும். பச்சோந்தி தன் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்து நிறம் மாறுவதில்லை. அது சாதாரணமாகவே பச்சையாக, பழுப்பாக இலைக்கு நடுவில் இருக்கிறது. ஒளிந்துகொள்ள அதுவே போதும்.

முழுக்க அப்படியும் சொல்லிவிட முடியாது. தென்னாப்பிரிக்காவில் ஒரு குட்டை இனப் பச்சோந்தி இருக்கிறது. பறவையைப் பார்த்தால், சுற்றியுள்ள நிறத்துக்கு மிக நெருக்கமாகத் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளும். பாம்பைப் பார்த்தால் அவ்வளவு மெனக்கெடாது. பறவைக்கு நிறங்கள் நன்றாகத் தெரியும், பாம்புக்கு அவ்வளவு தெரியாது. எதிரியின் கண் எப்படிப்பட்டது என்பதற்கு ஏற்ப ஒளிகிறது!

ஆனாலும் நிறம் மாறுவதற்கு முக்கியமான காரணம் வேறு. ஒன்று, வெப்பம். ஊர்வனவற்றின் உடம்பு நம் உடம்பைப் போல் தானாகச் சூடாகாது. ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் ஒரு பச்சோந்தி மரமே இல்லாமல் மணலில் வாழ்கிறது. காலையில் குளிரும்போது வெயிலை உறிஞ்சக் கறுப்பாகிவிடும். மதியம் மணல் கொதிக்கும்போது வெளிறிய சாம்பல் நிறத்துக்கு மாறும். சில சமயம் சூரியன் பக்கம் உள்ள பாதி உடம்பு கறுப்பாகவும் மறு பாதி வெளிறியும் இருக்கும். வெயிலில் கறுப்புச் சட்டை போட்டு நின்று பாருங்கள், காரணம் புரிந்துவிடும்.

இன்னொன்று, பேச்சு. பச்சோந்தி சத்தம் போட்டுப் பேசாது. அதற்கு வெளிக்காதும் இல்லை. ஆனால் கண் மிக நன்றாகத் தெரியும். அதனால் அது பேசுவதெல்லாம் நிறத்தில்.

ஏமன் நாட்டில் வாழும் ஒரு பச்சோந்தி இனத்தின் ஆண்களை, அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எதிரெதிரே விட்டுப் பார்த்தார்கள். இரண்டும் உடம்பை ஊதி, பக்கவாட்டில் திரும்பி நின்று, தங்கள் நிறங்களைக் காட்டின. எதன் பட்டைகள் பளிச்சென்று இருந்தனவோ, அதுதான் சண்டைக்கு முன்வந்தது. எதன் தலை வேகமாகப் பிரகாசமானதோ, அதுதான் பெரும்பாலும் ஜெயித்தது. தோற்றுப்போகிறது என்ன செய்யும் தெரியுமா? உடனே கருத்துவிடும். “சரி அண்ணே, நீங்களே பெரியவர், நான் போறேன்” என்று அதற்கு அர்த்தம். அதைப் பார்த்ததும் மற்றது விட்டுவிடும். இரண்டு பேருக்கும் காயம் மிச்சம்.

இரவில் தூங்கும்போது பல பச்சோந்திகள் வெளிறிவிடும். அப்போது யாரிடமும் பேச வேண்டியதில்லையே! அதனால்தான் விஞ்ஞானிகள் இரவில் டார்ச் விளக்கோடு காட்டுக்குள் போய்ப் பச்சோந்தி தேடுகிறார்கள். பகலில் கண்ணில் படாதது இரவில் இலைகளுக்கு நடுவே வெள்ளையாகத் தெரியும்.

முட்டையும் குஞ்சும்

பெண் பச்சோந்தியும் நிறத்தில்தான் பதில் சொல்லும். ஆண் அருகில் வந்து தலையை ஆட்டி நிறங்களைக் காட்டும். பெண்ணுக்குச் சம்மதம் என்றால் வெளிர் நிறத்திலேயே அமைதியாக இருக்கும். ஏற்கெனவே வயிற்றில் முட்டை இருந்தால்? சிறுத்தைப் பச்சோந்தியின் பெண் கறுப்பும் ஆரஞ்சுமாக மாறி, வாயைத் திறந்து சீறும். “எனக்கு வேலை இருக்கு, தள்ளிப் போ!” ஆண் அதைப் படித்துவிட்டு விலகிவிடும்.

நம் ஊர்ப் பச்சோந்தியின் பெண், முட்டையிடும் நேரம் வந்தால் மரத்தை விட்டு இறங்கி வரும். ஈரமான மண்ணில் தன் கால்களாலேயே குழி தோண்டும். கிளையைப் பிடிக்கச் செய்த கால்கள் அவை, மண் தோண்ட அல்ல. அதனால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். உள்ளே 10 முதல் 30 முட்டைகள் வரை இட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடும். பிறகு திரும்பியே பார்க்காது. குஞ்சுகள் தாமாகவே பொரித்து, மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்து, முதல் நாளிலிருந்தே தாமே வேட்டையாட வேண்டும்.

அதன் வாழ்க்கையில் மிகவும் ஆபத்தான நேரம் இப்படித் தரையில் நடக்கும் நேரம்தான். ஒரு சாலையைக் கடக்க அதற்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் ஆடி, யோசித்து, ஒரு கால், பிறகு இன்னொரு கால். வண்டிகள் காத்திருக்காது. அதோடு சில ஊர்களில் பச்சோந்திக்கு விஷம் உண்டு என்று நம்பி, கண்டவுடன் அடித்துவிடுகிறார்கள். பச்சோந்திக்கு விஷமே கிடையாது. பயந்தால் கருத்து, உடம்பை ஊதிக்கொண்டு, வாயைப் பிளந்து சீறும். அதைப் பார்த்துத்தான் மனிதர்கள் பயப்படுகிறார்கள். பச்சோந்தி சொல்வது “என்னை விட்டுடு” என்பது. நமக்குக் கேட்பது “உன்னைக் கொல்வேன்” என்று. மொழி புரியாததால் ஓர் உயிர் போகிறது!

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பச்சோந்தியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். விடுமுறையில் ஊரில் நீங்கள் ஒன்றைப் பார்த்தால் தொட வேண்டாம். கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். கருத்துப்போனால் இன்னும் தள்ளி நில்லுங்கள். சாலையில் பார்த்தால், கூட வந்த பெரியவரிடம் சொல்லி, அது கடக்கும் வரை வண்டிகளை நிறுத்தச் சொல்லுங்கள். தாத்தா முணுமுணுப்பார். பரவாயில்லை.

எல்லாப் பச்சோந்திகளும் முட்டையிடுவதில்லை. கென்யாவின் குளிர்ந்த மலைகளில் ஜாக்சன் பச்சோந்தி வாழ்கிறது. ஆணுக்கு முகத்தில் மூன்று கொம்புகள்! குளிர் மண்ணில் முட்டை பொரிப்பது கஷ்டம். அதனால் தாய் முட்டைகளை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, தானே வெயிலில் காய்ந்து அவற்றுக்குச் சூடு கொடுக்கிறது. சில மாதங்களுக்குப் பிறகு குட்டிகள் பிறக்கும். ஒவ்வொரு குட்டியும் ஒரு மெல்லிய பையோடு இலையில் விழும், பை கிழியும், குட்டி நடக்க ஆரம்பித்துவிடும். ஹவாயில் பெருகியது என்று முன்னால் சொன்னேனே, அது இந்த இனம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது லபோர்டு பச்சோந்தி. மடகாஸ்கரின் தென்மேற்கில், வருடத்தில் சில மாதங்கள் மட்டும் மழை பெய்யும் காட்டில் வாழ்கிறது. நவம்பரில் மழை தொடங்கியதும் எல்லாக் குஞ்சுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரிக்கின்றன. அவசரமாக வளர்கின்றன. இரண்டே மாதத்தில் பெரியவை ஆகிவிடும். ஜோடி சேரும், சண்டை போடும், முட்டையிடும். மழைக்காலம் முடிவதற்குள் பெரும்பாலும் எல்லாமே இறந்துவிடும். பொரித்ததிலிருந்து நான்கைந்து மாதம்தான் ஆயுள். ஆனால் முட்டைக்குள்ளே அவை இருப்பது எட்டு, ஒன்பது மாதம்! வருடத்தின் பெரும்பகுதியில் அந்தக் காட்டில் தேடினால் ஒரு லபோர்டு பச்சோந்திகூடக் கிடைக்காது. மொத்த இனமும் மண்ணுக்குக் கீழே முட்டையாகக் காத்துக்கொண்டிருக்கும்.

இதற்கு ஒரு நெருங்கிய உறவினர் உண்டு, வோல்ட்ஸ்கோவ் பச்சோந்தி. 1913-க்குப் பிறகு நூறு வருடங்களுக்கு மேல் அதை யாரும் பார்க்கவில்லை. மடகாஸ்கரில் காடுகளை வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் அந்த இனமே அழிந்துபோயிருக்குமோ என்று பலர் பயந்தார்கள். 2018-இல் ஜெர்மனி, மடகாஸ்கர் ஆய்வாளர்கள் சேர்ந்து தேடப் போனார்கள். இதுவும் மழைக்காலத்தில் மட்டும் வாழும் இனமாக இருக்கலாம் என்று யோசித்து, மழைக்காலத்திலேயே போனார்கள். காட்டில் நாள் நாளாகத் தேடினார்கள். கடைசியில் அது கிடைத்த இடம் காடு அல்ல, ஒரு தங்கும் விடுதியின் தோட்டம்!

அந்த இனத்தின் பெண் எப்படி இருக்கும் என்று அதற்கு முன் யாரும் எழுதி வைத்ததே இல்லை. பெண்ணைக் கையில் எடுத்தார்கள். அது பயந்தது. உடனே அதன் பச்சை உடம்பில் ஊதா, சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு, வெள்ளை என்று நிறங்கள் பொங்கி எழுந்தன.